கர்ப்பிணியின் தட்டில் இருப்பது அடுத்த அறுபது வருஷத்து ஆரோக்கியம்!



"எங்க வீட்ல யாருக்கும் சுகர் கிடையாது, எனக்கு மட்டும் எப்படி 35 வயசுல வந்துச்சு?" என்று யாராவது உங்களிடம் கேட்டிருப்பாங்க. பரோட்டா, டென்ஷன், நடக்கிறதே இல்லை என்று நாமும் காரணம் சொல்லியிருப்போம். அதெல்லாம் உண்மைதான். ஆனால் கணக்கில் ஒரு பங்கு அதற்கு ரொம்ப முன்னாடியே, அம்மா வயிற்றில் இருந்தபோதே எழுதப்பட்டுவிடுகிறது.

இது ஜோசியம் இல்லை. அறிவியல்.

1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் படை உணவு வரத்தை முடக்க, மேற்கு நெதர்லாந்து நகரங்கள் பட்டினியில் விழுந்தன. ஆளுக்கு ஒரு நாளைக்கு 1000 கலோரிகூட இல்லை. அப்போது கருவில் இருந்தவர்களை ஐம்பது வயதில் பரிசோதித்தார்கள். சர்க்கரையைச் சமாளிக்கும் திறன் மற்றவர்களைவிடக் குறைவு. அறுபதை நெருங்கியபோது, கரு உருவான நேரத்தில் பட்டினி கண்டவர்களின் மரபணுக்களைப் பார்த்தார்கள். இன்சுலினைப் போன்ற ஒரு வளர்ச்சி ஹார்மோனை உருவாக்கும் மரபணுவில் இருக்க வேண்டிய வேதிக் குறிகள் குறைந்திருந்தன. மரபணு மாறல. அதை ஏற்றி இறக்கும் சுவிட்ச் மாறிடுச்சு. போர் முடிந்து ஆறு தலைமுறை இல்லை, ஆறு பத்தாண்டு ஆகியும் உடம்பு மறக்கவில்லை.

காரணம் எளிமையானது. சாப்பாடு குறைந்தால் கரு முதலில் மூளையைக் காப்பாற்றும். கணையமும் தசையும் விட்டுக்கொடுக்கும். இன்சுலின் சுரக்கிற செல்கள் உருவாகத் தொடங்குவதே அந்த மாதங்களில்தான். பஞ்சத்துக்குப் பழகிய உடம்பு, பிற்காலத்தில் தட்டு நிறைய சோறும் பேக்கரி பன்னும் வந்தால் திணறிப் போகுது.

"அது ஐரோப்பா கதை" என்று தள்ளிவிட முடியாது. நம்ம புனே பக்கத்துக் கிராமங்களில் டாக்டர் யாக்னிக் குழு செய்த ஆய்வைப் பாருங்க. அங்கே பிறந்த குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. நம் குழந்தைக்கு தசை குறைவு, ஆனால் தோலுக்கடியில் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. இன்னொன்றும் கண்டார்கள். ஃபோலேட் அதிகமாக இருந்து, பி12 குறைவாக இருந்த தாய்மார்களின் குழந்தைகளுக்கு ஆறு வயதிலேயே இன்சுலின் எதிர்ப்பு கூடுதல். அதுக்காக ஃபோலிக் மாத்திரையை நிறுத்திடாதீங்க! அது அவசியம். கூடவே பால், முட்டை, மீன் வேணும் என்பதுதான் பாடம்.

தைராய்டு கதையும் இதுதான். கர்ப்பத்தின் முதல் பாதியில் குழந்தை பெரும்பாலும் அம்மாவின் தைராய்டு ஹார்மோனை நம்பித்தான் இருக்கு. அதற்கு அயோடின் வேணும். தூத்துக்குடி உப்பளங்கள் இருக்கிற நம் மாநிலம்தான், 2018-19 தேசிய அயோடின் கணக்கெடுப்பில் போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகளில் கடைசி இடம். வெட்கமா இல்லையா?

பட்டினி மட்டுமல்ல, சர்க்கரை கூடினாலும் ஆபத்துதான். தாயின் ரத்தச் சர்க்கரை கருவுக்குப் போகும், குழந்தையின் கணையம் பிறக்கும் முன்பே ஓவர்டைம் பார்க்கும். சென்னை டாக்டர் வி. சேஷய்யா முன்வைத்த எளிய முறையில் காலை வெறும் வயிற்றோடு வரவேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோஸ், இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை. 140-ஐத் தொட்டால் கவனிக்கணும். அவர் பிறந்தநாளான மார்ச் 10-ஐ நாடே கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கிறது.

இப்போது அரசியலுக்கு வருவோம்.

இதைப் படித்துவிட்டு "அப்போ எல்லாத்துக்கும் அம்மாதான் காரணமா?" என்று யாராவது ஆரம்பித்தால், அங்கேயே நிறுத்துங்க. வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடுகிறவள் அவள். ஏழாம் மாதத்திலும் சித்தாள் வேலைக்குப் போகிறவள் அவள். "நிறைய சாப்பிட்டா குழந்தை பெருசாயிடும், பிரசவம் கஷ்டம்" என்று கையைத் தடுப்பது அவள் இல்லை, சுற்றி இருக்கிற நாம். அவளுக்கு அறிவுரை தேவையில்லை. முட்டையும் ஓய்வும் காசும் தேவை.

2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்கச் சொல்கிறது. ஒன்றிய அரசின் மாத்ரு வந்தனா திட்டம் முதல் குழந்தைக்குத் தருவது 5,000. மீதியை மருத்துவமனைப் பிரசவ ஊக்கத்தொகையோடு சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால்தான் பணம். வயிற்றில் இருக்கும்போது பசிக்கு ஆண், பெண் தெரியுமா? நம் மாநிலத்தில் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டம் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 தருகிறது. பெருமைதான். ஆனால் தவணை பிரசவத்துக்குப் பிறகு வந்தால் கரு வளர்ந்த மாதங்களுக்கு அது உதவுமா?

ஆகவே நாம் கேட்க வேண்டியவை:

✅ உதவித்தொகையின் பெரும்பகுதி கர்ப்ப காலத்திலேயே கைக்கு வரணும்.
✅ சட்டம் சொன்ன தொகையை இன்றைய விலைவாசிக்கு உயர்த்தணும். எத்தனையாவது குழந்தை, என்ன குழந்தை என்ற நிபந்தனை கூடாது.
✅ அங்கன்வாடியில் கர்ப்பிணிக்குத் தினமும் முட்டை. சாப்பிடாதவர்களுக்குப் பால்.
✅ ரேஷன் கடை முதல் பெட்டிக்கடை வரை அயோடின் கலந்த உப்பு.
✅ 26 வாரச் சம்பள விடுப்பு அமைப்புசாராத் தொழிலாளிக்கும் எட்டும் வகையில் ஒரு நிதி.

தோழர்களே, உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. உங்க தெருவில் கர்ப்பிணி இருந்தால் பதிவு செய்தாச்சா, தவணை வந்துச்சா, சுகர் டெஸ்ட் எடுத்தாச்சா என்று விசாரிங்க. வரலைன்னா கிராம சுகாதார செவிலியரிடம் கூட்டிட்டுப் போங்க. வீட்டில் இருந்தால் இன்று முதல் தட்டு அவளுக்குப் போடுங்க.

மருத்துவமனை கட்டுவது நலத்திட்டம்தான். அந்த மருத்துவமனைக்கு வர வேண்டிய தேவையே இல்லாமல் ஒரு குழந்தையை வளரவிடுவது அதைவிடப் பெரிய நலத்திட்டம்.

படியுங்கள், பகிருங்கள், கேள்வி கேளுங்கள்! ✊

#கர்ப்பிணிக்கு_முதல்_தட்டு
#தாய்_நலமே_தலைமுறை_நலம்