பெயரில் வந்த சுயராஜ்யம்

1857 எழுச்சியை ஒடுக்கிய ஆங்கிலத் தளபதியின் பெயரைத் தாங்கிய ஹேவ்லாக் தீவுக்கு, 2018 டிசம்பர் 30 அன்று ஸ்வராஜ் தீவு எனப் பிரதமர் பெயர் சூட்டினார். அத்தீவில் ஊராட்சித் தலைவியாகும் ஒரு பெண், மக்கள் பணியில் சிறந்து விளங்கினால் அடுத்து எங்கே செல்லலாம்? மாவட்ட ஊராட்சி வரை செல்லலாம். மாநிலங்களில் அதற்கு அடுத்த படி சட்டமன்றம். அந்தமான் நிக்கோபாரில் அந்தப் படியே இல்லை.

படி இருந்தால் என்ன நிகழும் என்பதற்குத் தோழர் கே.பி. ஜானகியம்மாளின் வாழ்வே சான்று. 1917இல் மதுரையில் பிறந்த அவர், நாடக மேடையில் பாடிப் புகழ் பெற்றார், அந்தக் குரலை விடுதலைப் போருக்கு அளித்தார், சிறை சென்றார். காங்கிரசிலிருந்து காங்கிரஸ் சோசலிஸ்ட் கட்சி வழியாகக் கம்யூனிஸ்ட் இயக்கத்தை அடைந்தார். 1967இல் மதுரை கிழக்குத் தொகுதி மக்கள் அவரைச் சட்டமன்றத்திற்கு அனுப்பினர். தெருவில் முழங்கிய கோரிக்கையை, அமைச்சர் பதில் கூறியாக வேண்டிய அவையில் எழுப்பும் உரிமை ஓர் உழைக்கும் பெண்ணுக்குக் கிடைத்தது.

அதே 1967இல்தான் அந்தமான் மக்கள் தம் மக்களவை உறுப்பினரை முதன்முறையாகத் தேர்ந்தெடுத்தனர். அதுவரை நியமனமே நடந்தது. அன்று முதல் இன்றுவரை அந்த ஒரே தொகுதியிலிருந்து ஒரு பெண்கூட மக்களவைக்குச் சென்றதில்லை. 2023ஆம் ஆண்டின் 106ஆவது அரசியல் சாசனத் திருத்தம் சட்டமன்றங்களில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்கிறது. சட்டமன்றமே இல்லாத இடத்தில் எதில் மூன்றில் ஒரு பங்கு?

மக்கள்தொகை குறைவு என்று காரணம் கூறுவர். 1963இல் சட்டமன்றம் பெற்ற புதுச்சேரியில், 1961 கணக்கெடுப்பின்படி வாழ்ந்தோர் சுமார் 3.7 லட்சம், 2011இல் அந்தமான் நிக்கோபாரில் வாழ்ந்தோர் சுமார் 3.8 லட்சம். ஆகவே தடை எண்ணிக்கையில் இல்லை. தில்லியின் மனத்தில் இருக்கிறது. தீவுகளின் நிலத்தையும் கடற்கரையையும் துணைநிலை ஆளுநர் வழியாகத் தானே ஆள விரும்பும் ஒன்றிய அரசுக்கு, கேள்வி கேட்கும் அவை இடையூறு.

பழங்குடி மக்களுக்கான பாதுகாப்புகள் சிறிதும் குறையாத வகையில், பெண்களுக்கான இட ஒதுக்கீட்டுடன் கூடிய சட்டமன்றம் தீவு மக்களுக்கு வேண்டும். இக்கோரிக்கையை முன்வைக்கும் நாம், நம் வேட்பாளர் பட்டியலில் பெண்களுக்கு உரிய இடமளிக்கச் சட்டம் வரும்வரை காத்திருக்கலாகாது. ஜானகியம்மாளைச் சட்டமன்றத்திற்கு அனுப்பியது இட ஒதுக்கீடு அன்று. இயக்கம் அவர்மீது வைத்த நம்பிக்கை. பெயரில் வந்த சுயராஜ்யம் ஆட்சியிலும் வரும்வரை போராடுவோம்.