மாற்றித் தந்தார்களா, ஏமாற்றினார்களா?

போனஸ் கைக்கு வரும் நாட்களில் கோவை காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டில் நடந்து பாருங்கள். பஞ்சாலைத் தொழிலாளி குடும்பத்தோடு வந்து மிக்ஸி வாங்குகிறார். அன்னூரிலிருந்து பஸ் ஏறி வந்த விவசாயத் தொழிலாளி கிரைண்டர் வாங்குகிறார். கையில் பணம் போதாவிட்டால் தவணைக் கடுதாசியில் கையெழுத்து. கடைக்காரர் ஓர் அட்டையை நீட்டுகிறார்: "ஒரு வருஷம் காரண்டி. தைரியமாகக் கொண்டு போங்கள்!"

பத்தாவது மாதம் மோட்டார் புகைகிறது. நாலு முறை அலையவிட்டு, பதினோராவது மாதம் வேறொரு மிக்ஸி தருகிறார்கள். பதினான்காவது மாதம் அதுவும் நின்றுவிடுகிறது. அரை நாள் கூலியை இழந்து கடைக்கு ஓடினால் கிடைக்கும் பதில் என்ன?

"காரண்டி இரண்டு மாதம் முன்பே தீர்ந்துவிட்டது. முதலில் வாங்கிய தேதிதான் கணக்கு!"

மூன்றே மாதம் ஓடிய பொருளுக்கு ஒரு வருஷம் தீர்ந்துவிட்டதாம்! இது எந்த ஊர்க் கணக்கு?

அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். மாற்றிக் கொடுக்கும் பொருளுக்குப் பழைய காரண்டியின் மிச்ச நாட்கள் மட்டுமே என்று எறும்பு ஊர்வதுபோல் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். எழுதியது கம்பெனி. வாங்குகிறவரை யாரும் கேட்கவில்லை.

"ஒரு வருஷத்துக்குத்தானே பணம் கொடுத்தீர்கள்? மாற்றும்போதெல்லாம் புது வருஷம் தந்தால் முடிவு ஏது?" என்று கம்பெனித் தரப்பு வாதாடுகிறது. நாம் கேட்கிறோம்: ஒரு வருஷம் உழைத்த பொருளை எப்போது தந்தீர்கள்? முதல் மிக்ஸி பத்து மாதம், இரண்டாவது மூன்று மாதம்! நல்ல பொருள் செய்கிறவனுக்கு இன்னொரு வருஷம் பொறுப்பேற்க என்ன பயம்?

நமது கவனக்குறைவால் ஆலையில் சரக்கு நஷ்டமானால் கூலியில் பிடித்தம் செய்யச் சட்டம் இடம் தருகிறது. கம்பெனி செய்த சரக்கு நம் வீட்டில் கெட்டால் நஷ்டம் மறுபடியும் நம் தலையில்தானா? பிடித்தமும் நமக்கே, நஷ்டமும் நமக்கே!

வேறு வழியே கிடையாதா? சீனா 1995-லேயே விதி செய்தது. பட்டியலில் கண்ட பொருட்களை மாற்றிக் கொடுத்தால், கொடுத்த நாளிலிருந்து காரண்டி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். முதலாளித்துவ ஐரோப்பாவிலும், காரண்டிக் காலத்தில் ரிப்பேர் செய்த பொருளுக்கு மேலும் 12 மாதம் பொறுப்பு நீட்டிக்கப்பட வேண்டுமென்று ஐரோப்பிய யூனியன் 2024-ல் விதித்தது. நமது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல் நிறைவேறி, 2020 ஜூலை 20-ல் அமலுக்கு வந்தது. ஆனால் இப்படி ஒரு வரி அதில் இல்லை.

அதற்காகக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. இருக்கிற ஆயுதத்தை எடுப்போம். காரண்டி தேதி முடிந்ததாலேயே பழுதான சரக்கு நல்ல சரக்காகிவிடாது. வெளிப்படையாக எழுதிய உத்தரவாதம் ஒன்று இருப்பதாலேயே, சட்டம் தானாகத் தரும் உத்தரவாதம் ஒழிந்துவிடாது என்று 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டமே கூறுகிறது. செய்த விதத்திலேயே கோளாறு என்று காட்டினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்காடலாம். கொடுத்த விலை 5 லட்ச ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோரே என்று 2012-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது.

தோழர்களே, பில்லைத் தொலைக்காதீர்கள். புகாரை வாயால் சொல்லிவிட்டுத் திரும்பாதீர்கள். எழுதிக் கொடுத்துத் தேதியோடு ரசீது வாங்குங்கள். மாற்றிய பொருளின் நம்பரையும், மாற்றிய தேதியையும் கடைக்காரர் கையெழுத்தோடு பெறுங்கள். 1915 என்ற எண்ணில் புகாரைப் பதியுங்கள். ஒரே கம்பெனிச் சரக்கு பத்து வீட்டில் கெட்டிருந்தால், ஆணையத்தின் அனுமதியோடு எல்லோருக்காகவும் சேர்த்து ஒரே மனுவாகப் போடச் சட்டம் வழிவிடுகிறது. தனி ஆளை அலையவிடலாம். ஒரு ஆலையின் ஷிப்டு முழுவதையும் அலையவிட முடியுமா?

சர்க்காருக்கு நமது கோரிக்கை ஒன்றே: மாற்றித் தந்த பொருளுக்கு, மாற்றித் தந்த நாளிலிருந்து முழுக் காரண்டி! அதைச் சட்டத்தில் எழுது! காரண்டி அட்டையைத் தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சிட வை!

வியர்வை சிந்திச் சம்பாதித்த காசு இது. அதற்கு ஈடான சரக்கைக் கேட்பது பிச்சையல்ல, உரிமை!