பூரான்: அடிப்பதா? படிப்பதா?



எங்கள் வீட்டில் தண்ணித் தொட்டி ஓரமாகப் பூரான் ஊர்ந்தால் போதும், "டேய், காதுல பூந்துடும்டா, அடிடா!" என்று அம்மா விளக்குமாற்றை நீட்டுவார். நானும் எத்தனையோ அடித்திருக்கிறேன். அடிப்பது தவறென்று சொல்ல வரவில்லை. அடிப்பதோடு நிறுத்திவிடலாமா என்பதே என் கேள்வி.

என் அப்பா மூட்டை தூக்குபவர். இடுப்பு வலிக்குத் தினமும் கடை மாத்திரை. இப்போது வயிறும் புண். நான் கட்டும் ஃபீஸ் அந்த இடுப்பிலிருந்துதான் வருகிறது!

2013ல் சீனாவின் குன்மிங் விலங்கியல் கழகமும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகமும் ஓர் ஆய்வை வெளியிட்டன. சீனச் செந்தலைப் பூரானின் விஷத்தில் 46 அமினோ அமிலங்கள் கோத்த சிறு புரதம் ஒன்று இருக்கிறதாம். எலிகளுக்கு அது மார்பின் அளவுக்கு, சில சோதனைகளில் அதற்கும் மேலாக, வலியைக் குறைத்தது என்று எழுதினார்கள்.

எப்படி? நரம்பில் வலி ஓடுவதும் மின்சாரமாகத்தான். வோல்டேஜ் மாறினால் திறக்கும் சோடியம் கதவுகள் அங்கே உண்டு. அவற்றில் 1.7 என்ற கதவு பிறவியிலேயே வேலை செய்யாதவர்களுக்கு வலியே தெரியாது. அந்த ஒரு கதவை மட்டும் அடைப்பதுதான் நோக்கம். ஃபால்ட் ஆன ஃபீடர் மட்டும் டிரிப் ஆகி, மெயின் அப்படியே இருப்பது மாதிரி! மார்பினோ மூச்சை மந்தமாக்கும், அடிமையாக்கும்.

"விஷமாவது, மருந்தாவது" என்று சிரிக்காதீர்கள். பிரேசில் பாம்பு விஷத்தின் வழியாக வந்த இரத்த அழுத்த மாத்திரைதான் கேப்டோப்ரில். கடல் நத்தை விஷத்திலிருந்து பிறந்த சைகோனோடைட், 2004ல் அமெரிக்காவில் வலி மருந்தாக அனுமதி பெற்றது.

அதற்காகப் பூரானைப் பிடித்து எண்ணெயில் காய்ச்சிவிடாதீர்கள்! அதே செந்தலைப் பூரான் தன்னைவிட 15 மடங்கு எடையுள்ள எலியை அரை நிமிடத்தில் வீழ்த்தும் என்கிறது 2018ல் வந்த ஆய்வு. மருந்தும் எமனும் ஒரே கொடுக்கில்! பிரித்தெடுக்க வேண்டும், சோதிக்க வேண்டும். எலிக்குப் பலித்ததெல்லாம் மனிதனுக்குப் பலிக்கும் என்றும் இல்லை. பூரான் மருந்து இன்னும் கடைக்கு வரவில்லை.

நமக்கென்ன என்கிறீர்களா? அந்தக் கதவில் ஓடும் துளி கரண்டை அளப்பது ஆம்ப்ளிஃபையர். அதைச் செய்யவும் பழுது பார்க்கவும் டிப்ளமோ படித்த கைகள் வேண்டாமா?

இனி விளக்குமாற்றை எடுக்கும் முன், ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள் நண்பர்களே!

— இரண்டாம் ஆண்டு, மின்னியல் பிரிவு