தூணுக்கு விலை பேசி வீட்டை இடிப்பதா?

எங்கள் ஊர் மேலத்தெருவில் பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீட்டை இடிக்கத் தொடங்கியிருப்பதை ஊர்ப் பொதுநலச் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. திங்கள் இரவு வளவின் பர்மா தேக்குத் தூண்கள் நான்கையும் நிலைக்கதவு இரண்டையும் லாரியில் ஏற்றியிருக்கிறார்கள். இடிபாட்டுக் கல் ஒன்றுகூட ஏறவில்லை.

வீடு ஆபத்தான நிலையில் இருப்பதாக, அதைப் பிரித்தெடுக்க வியாபாரிக்கு விற்ற பங்காளிகள் சொல்கிறார்கள். சரிந்திருப்பது பின்கட்டு அடுப்படிக் கூரை மட்டுமே. முகப்பும் பட்டாலையும் வளவும் நேராக நிற்கின்றன. அந்தக் கூரையும் ஒரே நாளில் விழவில்லை. முதலில் ஓடு நழுவியது. மாற்றுவதற்குப் பங்குப் பணம் கேட்டபோது வெளியூரில் இருக்கும் புள்ளிகளில் (பங்குள்ள குடும்பங்களில்) பாதிப் பேர் பதிலே போடவில்லை. மழைத்தண்ணீர் சுவருக்குள் இறங்கி, காரை உதிர்ந்தது. பத்து வருடம் இதை வேடிக்கை பார்த்தவர்களில் சங்கத்தாராகிய நாங்களும் உண்டு என்பதை மறைக்கவில்லை.

வீடாக வைத்திருந்தால் செலவு, பிரித்து விற்றால் காசு: செட்டிநாட்டில் வீடுகள் விழுவது இந்தக் கணக்கால்தான். தூணும் பெல்ஜியம் கண்ணாடியும் காரைக்குடிப் பழைய சாமான் கடை வழியே ஏதோ ஓர் ஓட்டல் வரவேற்பறைக்குப் போய்ச் சேரும். சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த, சித்திரை வெயிலிலும் கை வைத்தால் குளிர்கிற சுவரை எந்த வியாபாரியும் வாங்க மாட்டார், அது மண்ணாகிவிடும். நாலாபுறக் கூரையும் வளவுக்குள் இறங்கி மழைத்தண்ணீரை அண்டாவில் சேர்க்கும் அமைப்பும், ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் கட்டுகளும் லாரியில் ஏறுமா?

செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் மரபுக் கட்டடங்களுக்கான ஆணையச் சட்டம் 2012-லேயே நிறைவேறியது. மேலத்தெருவில் கடப்பாரை விழுந்தபோது எந்தப் பட்டியலும் குறுக்கே வரவில்லை.

பங்காளிகளில் ஐந்து புள்ளிகள் விற்பனைக்குக் கையெழுத்திடவில்லை. ஆகவே கோட்டாட்சியர் உடனே வேலையை நிறுத்த வேண்டும். கொண்டுபோன தூண்களையும் கதவுகளையும் கணக்கெடுத்துத் திருப்பித் தரச் செய்ய வேண்டும். வாங்கிய வியாபாரி முன்பணத்தைத் திரும்பப் பெறச் சம்மதித்தால் பேசி முடிக்கச் சங்கம் தயார். முன்னோருக்கு இந்த வீட்டில் வைக்கும் அடுத்த படைப்புக்கு முன் பின்கட்டுக்கு ஓடு போடும் செலவில் பாதியையும் சங்கம் ஏற்கும்.

ஞாயிறு காலை 10 மணிக்கு அந்த வீட்டுத் திண்ணையில் கூடுகிறோம். கையெழுத்திட்ட பங்காளிகளும் வரலாம்.

செயற்குழுவுக்காக,
தலைவர், செயலாளர்