கயிறு யார் கையில்?

மலைப்பாதையில் ஐம்பது, நூறு கிலோமீட்டர் என்று ஓடுகிற பந்தயங்கள் இப்போது நம் நாட்டிலும் பெருகி வருகின்றன. பணம் கட்டி, லீவு போட்டு, இரவென்றும் பகலென்றும் பாராமல் ஓடுகிறார்கள். 'வேலையற்ற வேலை' என்று கேலி செய்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். காசுக்குப் பிரயோஜனமில்லாத காரியத்தில் உயிரை விடுவது கதை எழுதுகிறவனுக்கும் பழக்கமானதுதான்.

என் சண்டை மறு கட்சியோடு. 'மன உறுதி இருந்தால் மலையும் மண்டியிடும்' என்று ஓடுகிறவனை உசுப்பேற்றுகிறார்களே, அவர்களோடு. அந்தப் பேச்சு ஆளைக் கொல்லும்.

2021 மே 22-ஆம் தேதி சீனாவில், கான்சு மாகாணத்தில் நூறு கிலோமீட்டர் மலை ஓட்டம் நடந்தது. ஓடியவர்கள் 172 பேர். நடுவழியில் சூறைக்காற்றும் கடுங்குளிரும் வந்தன. 21 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் லியாங் ஜிங், அந்த நாட்டின் முதல்வரிசை ஓட்டக்காரர். அவருக்கா மன உறுதி இல்லை? காற்றைத் தடுக்கும் சட்டை கட்டாயம் என்று விதி இல்லை. வண்டி போக முடியாத ஏற்றத்தில் உதவிக்கு ஆள் இல்லை. ஆறு பேரைக் காப்பாற்றியவர், குகையில் ஒதுங்கியிருந்த ஓர் ஆட்டிடையர்.

கடற்கரைக்காரனுக்கு மலையைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். 1961 வரை எங்கள் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்தது. குளிப்பவன் கல்லைக் கட்டிக்கொண்டு பாருக்கு இறங்குவான். ஒரு நிமிஷம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம்; அதற்குமேல் மூச்சு நிற்காது. தோணியில் கயிற்றைப் பிடித்தபடி ஒருவன் நிற்பான். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்களாம். தங்கச்சியின் தாலி அல்லவா மறு நுனியில் இருக்கிறது! கயிறு அசைந்ததும் அவன் இழுப்பான். 'இன்னும் நாலு சிப்பி அள்ளிக்கொண்டு வாயேன்' என்று சொல்லமாட்டான். வெறுங்கையோடு மேலே வந்தவனைக் கோழை என்று யாரும் ஏசியதுமில்லை. மறு முறை இறங்க அவன் உயிரோடு இருக்கிறானே!

ஆல்ப்ஸ் மலையில் மோன் பிளாங்கைச் சுற்றி ஓடும் பந்தயம் 2003-இல் தொடங்கியது. சுமார் 170 கிலோமீட்டர். மழைச் சட்டை, விளக்கு, விசில், குளிருக்குப் போர்த்தும் தாள் எல்லாம் கையில் இருந்தாக வேண்டும். குறித்த நேரத்துக்குள் சாவடிக்கு வராதவரை அதற்குமேல் விடமாட்டார்கள். 2010-இல் புயல் வந்ததும் பந்தயத்தையே நிறுத்தினார்கள். 2012-இல் வழியைப் பெரிதும் குறுக்கினார்கள். அதனால் அந்தப் பந்தயத்தின் மானம் போய்விடவில்லை. உலகமே இன்றும் அங்கே ஓடப் போகிறது.

'வருகிறவர் வயது வந்தவர். ஆபத்தை அறிந்து கையெழுத்துப் போட்டுத்தானே வருகிறார்?' என்பார்கள். நல்ல நியாயம்! குளிப்பவனுக்கும் சுறாவைத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்பதற்காகக் கயிறு பிடித்தவன் தூங்கலாமா?

நம் ஊர்க் கதையும் இதுதான். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டத்துக் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கு மேற்பட்டவர்கள் மடிந்தார்கள். அது பந்தயமல்ல, மலையேற்றம். ஆனாலும் மலையேற்றத்துக்கென்று அரசு விதிகள் வகுத்தது அதற்குப் பிறகுதான். பிணம் விழுந்த பிறகு கயிறு தேடுவது நம் வழக்கம்.

ஆகவே, மலையில் ஓடப் போகிற தம்பி தங்கைகளே, ஓடுங்கள். பணம் கட்டுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இரண்டு சாவடிகளுக்கு நடுவே நான் விழுந்தால் எத்தனை நேரத்தில் ஆள் வரும்? வானிலை கெட்டால் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? இதற்குமுன் எப்போதாவது நிறுத்தியிருக்கிறீர்களா? பதில் வராத இடத்தில், பதக்கம் தங்கமாகவே இருந்தாலும் வேண்டாம். பாதி வழியில் திரும்பி வருகிறவனுக்கும் கை தட்டுகிற கூட்டம் எங்கே இருக்கிறதோ, அங்கே போய் ஓடுங்கள்.