பருவம் வந்தால் வாப்பா விலகலாமா?

"பிள்ளை பாலிகாகிவிட்டான், இனி நஃபகா கேட்க இடமில்லை." அண்மையில் ஒரு மஹல்லாப் பஞ்சாயத்தில் நம் காதாரக் கேட்ட தீர்ப்பு இது. பிள்ளைக்கு வயது இருபத்திரண்டு. எழுந்து நடக்க இயலாதவன். உண்ணவும் உடுக்கவும் உம்மாவின் கை வேண்டும். தலாக் சொல்லிப் பிரிந்த வாப்பாவுக்கோ கடைத்தெருவில் இரண்டு கடைகள். ஷரீஅத்தின் பெயரால் அச்சொல் சொல்லப்பட்டபோது அவையில் ஒருவரும் வாய் திறந்தாரில்லை.

எந்தக் கிதாபில் கண்டார்கள் இதனை? நம் ஷாபி மதரஸாக்கள் அறிந்த இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் நஃபகாப் பாடத்தைப் புரட்டினாலே போதுமே! பொருளற்ற பிள்ளை சிறுவனாகவோ, முடமானவனாகவோ, சித்தம் பேதலித்தவனாகவோ இருப்பின் அவன் செலவு தந்தையின் மீது கடமை. மூன்றும் தனித்தனிக் காரணங்கள். சிறு பிராயம் நீங்கினால் முடமும் நீங்கிவிடுமா? உழைத்துண்ண இயலாத வறிய மகனைப் பற்றி ஹனபி மத்ஹபின் முடிவும் இதுவே. பருவம் வந்தவனிடம் ஆற்றலும் வந்துவிடுகிறது என்பதனாலன்றோ தந்தையின் சுமை இறங்குகிறது? ஆற்றலே வராத இடத்தில் ஆண்டுக் கணக்கு எதற்கு?

மனைவியின் உணவுக்கு அளவு வகுத்த ஷாபி நூல்கள் பிள்ளைக்கு அளவு வகுக்கவில்லை; போதுமானதைக் கொடு என்றன. மருந்தின் விலை, மருத்துவர் கூலி, நோயாலோ முடத்தாலோ தேவைப்படும் பணியாளின் செலவு ஆகியவற்றையும் விரிவுரையாளர்கள் அதில் சேர்த்துள்ளனர். அப்பணியாளின் வேலையை இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கூலியின்றிச் செய்து வருகிறாள் அந்தத் தாய்.

இன்னொரு கூத்தும் உண்டு. ரமலான் பிறந்தால் அந்த வாப்பா ஸக்காத் பணத்தில் ஓர் உறையை மகனுக்கு அனுப்புகிறாராம். ஊரார் மெச்சுகின்றனர். தம் மீது நஃபகா கடமையான பிள்ளைக்கு, வறியவன் என்ற வகையில், தந்தை கொடுக்கும் ஸக்காத் நிறைவேறாது என்பதை மதரஸாவில் ஓதும் மாணவனும் அறிவான். மேடையில் வீற்றிருந்த பெரியவர்கள் மட்டும் அறியவில்லை போலும்!

இதில் நாம் அஞ்சுவது ஒன்று. உறவினருக்குரிய நஃபகா, காலம் கடந்தால் கடனாக நிற்பதில்லை. காழி விதித்திருந்தாலோ, கடன் பெற அனுமதித்திருந்தாலோ அன்றி அது வீழ்ந்துவிடும் என்பதும் மின்ஹாஜின் சட்டமே. ஆகவே, "அடுத்த ஜும்ஆவுக்குப் பார்ப்போம்" என்று ஜமாஅத்தார் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அப்பிள்ளையின் உரிமையில் ஒரு மாதத்தைக் கரைத்துவிடுகிறது.

நீதிமன்றம் ஏறினால் ஷரீஅத்தை விட்டு வெளியேறுவதாக அந்தத் தாயை அச்சுறுத்துகின்றனர். 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவும், அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவும் சொல்வதென்ன? உடற்குறையாலோ மனக்குறையாலோ தன்னைக் காத்துக்கொள்ள இயலாத பிள்ளை, மணமான மகள் நீங்கலாக, வயது வந்த பின்னும் வசதியுள்ள தந்தையிடம் ஜீவனாம்சம் பெறலாம் என்பதே. இவ்விடத்தில் மின்ஹாஜுக்கும் அதற்கும் எங்கே மோதல்? மோதல், அந்த வாப்பாவின் பணப்பெட்டியோடுதான்.

மஹல்லா நிர்வாகிகளை நாம் கேட்பது இதுவே: தலாக்கைப் பதியும் ஏட்டில் இத்தாக் காலச் செலவை எழுதும் பக்கத்திலேயே இத்தகைய பிள்ளையின் மாதச் செலவையும் எழுதித் தந்தையின் கையொப்பத்தை வாங்குங்கள். அவர் மறுத்தால், நீதிமன்றத்தில் அந்தத் தாயின் பக்கம் நின்று சாட்சி சொல்ல வாருங்கள்.