கட்டைவிரலுக்கு 30, மூளைக்கு எவ்வளவு?

வேலை செய்யும் இடத்தில் கட்டைவிரல் போனால் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14. அதிலேயே எலும்புக்குச் சேதமில்லாமல் நுனி மட்டும் துண்டானால் 5. நடுவிரல் 12. ஒரு கண் போய் இன்னொரு கண் நன்றாக இருந்தால் 40. ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50.

இது நான் போட்ட கணக்கு இல்லை. 1923-ம் வருடத்து இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் இருந்த கணக்கு. சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போயிற்று என்று உறுப்பு உறுப்பாகப் பிரித்து எழுதி வைத்திருந்தார்கள். 2025 நவம்பர் 21-ல் அந்தச் சட்டம் விடைபெற்று, 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்தது. சட்டம் மாறியது. அட்டவணை மட்டும் பெட்டி படுக்கையோடு அப்படியே புது வீட்டுக்குக் குடிபோய்விட்டது.

அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். கை, கால், கண், காது, முகம், விரல், விரல் நுனி எல்லாம் இருக்கிறது. மூளை இல்லை.

நான் வக்கீலும் இல்லை, டாக்டரும் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் சேர்ந்து, டிரான்ஸ்பரில் ஊர் ஊராகச் சுற்றி இப்போது புனேயில் குப்பை கொட்டிக்கொண்டிருப்பவன். ஆனால் சதவீதக் கணக்கு நம் தொழில். அதனால் இதைக் கொஞ்சம் சொல்லலாம் என்று தோன்றியது.

முதலில் கணக்கு. நிரந்தரமாக முழு ஊனம் என்றால், மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்கேற்ற ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அந்த எண் 207.98. சம்பளம் என்று எடுத்துக்கொள்ளும் தொகைக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. 2020 ஜனவரி 3-ல் அதை ரூ. 8,000-லிருந்து ரூ. 15,000 ஆக்கினார்கள். மேஸ்திரி 28,000 வாங்கினாலும் கணக்கில் 15,000தான். ஆக, 9,000 பெருக்கல் 207.98. ரூ. 18,71,820.

பட்டியலில் இல்லாத காயத்துக்கு எப்படி? டாக்டர் ஒருவர் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று மதிப்பிட்டுச் சொல்வார். அவர் 20 சதவீதம் என்று எழுதினால் ரூ. 3,74,364. அதே மனிதர், அதே காயம். ஒரு தாளில் எழுதும் எண்ணால் கிட்டத்தட்ட பதினைந்து லட்சம் வித்தியாசம். மூளைக் காயம் முழுக்க முழுக்க இந்த 'பட்டியலில் இல்லாத' கூட்டத்தில்தான் வருகிறது.

போன வருடம் ஒரு அம்மா எங்கள் கிளைக்கு வந்தார். தென்காசிப் பக்கம். கணவர் இங்கே கட்டட வேலையில் சென்ட்ரிங் அடிப்பவர். சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடி. ஆபரேஷன் முடிந்து நான்கு மாதத்தில் நடக்க ஆரம்பித்துவிட்டார். கை கால் சரியாக வேலை செய்கிறது. சர்டிஃபிகேட்டில் 20 சதவீதம்.

"கை கால் நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா அவுக அவுகளா இல்ல. கடைக்கு அனுப்பினா எதுக்கு வந்தோம்னு தெரியாம நிக்காக. பிள்ளைய அடிக்க வாராக. முன்னால ஒரு சுடுசொல்லு சொன்னதில்ல சார்."

இது 20 சதவீதமா? சென்ட்ரிங் வேலைக்கு அளவு நினைவில் நிற்க வேண்டும். உயரத்தில் தலை சுற்றக் கூடாது. மேஸ்திரி சொன்ன மூன்று வேலைகளை வரிசையாகச் செய்ய வேண்டும். கூட இருப்பவனோடு சண்டை போடாமல் நாள் முழுக்க இருக்க வேண்டும். இதில் எதுவும் முடியாத ஆளை யார் வேலைக்கு வைப்பார்கள்? கை நன்றாக இருக்கிறது என்பது, ஓட்டுநர் இல்லாத லாரிக்கு டயர் புதுசு என்று சொல்வது மாதிரி.

சட்டம் இதற்கு இடம் தராமல் இல்லை என்பதுதான் வேடிக்கை. விபத்து நடந்த நேரத்தில் அவர் செய்யக்கூடியவராக இருந்த எல்லா வேலைகளையும் செய்ய முடியாமல் போனால் அது முழு ஊனம் என்றுதான் விளக்கம் சொல்கிறது. 1975-ல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு தச்சர் வழக்கு வந்தது. இடது கை முழங்கைக்கு மேலே போய்விட்டது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே 100 சதவீதம் என்று ஏற்றுக்கொண்டார்கள். 2008-ல் ஒரு டேங்கர் லாரி ஓட்டுநர். வலது கால் போய்விட்டது. உயர் நீதிமன்றம் 65 சதவீதமாகக் குறைத்ததை உச்ச நீதிமன்றம் மறுபடி 100 ஆக்கியது. உடம்பில் எத்தனை சதவீதம் போனது என்பது ஒரு கேள்வி, பிழைப்பில் எத்தனை சதவீதம் போனது என்பது வேறு கேள்வி. மூளைக் காயத்தில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதுதான் சுலபமாக நடக்கிறது. ஏனென்றால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

அப்படியானால் கண்ணுக்குத் தெரிய வைக்க வேண்டும். இது குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

அடிபட்ட அன்றைய தாள்கள்தான் அடித்தளம். தலையில் அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து பேசி, டீ குடித்துவிட்டு, சில மணி நேரம் கழித்து மயங்கி விழுவது உண்டு. மண்டைக்குள் ரத்தம் மெதுவாகச் சேர்வதால் வருவது. "எழுந்து உட்கார்ந்துட்டான், ஒண்ணுமில்ல" என்று அறைக்கு அனுப்பிவிட்டால் உயிருக்கும் ஆபத்து, பிறகு வேலையில் நடந்த விபத்து என்று காட்டத் தடயமும் இருக்காது. மருத்துவமனையில் நினைவு நிலையை 3 முதல் 15 வரை ஒரு அளவுகோலில் குறிப்பார்கள். 8-ம் அதற்குக் கீழும் என்றால் கடுமையான காயம். அந்த எண், எத்தனை நேரம் நினைவில்லை, எத்தனை நாள் ஞாபகம் குழம்பியிருந்தது, எல்லாம் டிஸ்சார்ஜ் தாளில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வேலையிடத்தில் நடந்தது என்றும் அதில் எழுதியிருக்க வேண்டும்.

அடுத்தது, ஸ்கேன் மட்டும் போதாது. ஸ்கேன் சுமாராக இருந்தும் ஞாபகம், கவனம், கோபத்தை அடக்குவது எல்லாம் கெட்டுப்போயிருக்கலாம். இதை அளக்க நரம்பு உளவியல் பரிசோதனை என்று தனியாக உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் நம் நாட்டு ஆட்களுக்கென்றே இதற்கு ஒரு பரிசோதனைத் தொகுப்பு வைத்திருக்கிறது. அந்த அறிக்கை இல்லாமல் சதவீதம் போட ஒத்துக்கொள்ளாதீர்கள். வீட்டிலும் ஒரு நோட்டுப் போட்டுத் தேதியோடு எழுதி வையுங்கள். இன்று அடுப்பை அணைக்க மறந்தார், இன்று வழி தவறினார் என்று. வங்கிக்காரன் புத்தி என்று சிரிக்காதீர்கள். பதிவேட்டில் இல்லாதது நடக்கவே இல்லை என்பது எல்லா அலுவலகத்துக்கும் பொது விதி.

நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இன்னும் சில:

விபத்து நடந்த ஊரில்தான் மனு போட வேண்டும் என்றில்லை. உரிமை கோருபவர் குடியிருக்கும் இடத்திலும் போடலாம். அடிபட்டவரை ஊருக்குக் கூட்டிப்போய்விட்டால் அங்கிருந்தே போடலாம். கெடு 2 வருடம்.

கான்ட்ராக்டர் ஓடிவிட்டால், வேலையை அவரிடம் கொடுத்த பெரிய முதலாளியைக் கேட்கலாம்.

ஹெல்மெட் போடவில்லை என்று சொல்லித் தட்டிக்கழிப்பார்கள். வேண்டுமென்றே பாதுகாப்பு உத்தரவை மீறினார் என்று நிரூபித்தால்தான் அந்த வாதம். மரணமோ நிரந்தர முழு ஊனமோ என்றால் அதுவும் செல்லாது.

வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடந்த விபத்தும், வேலையோடு தொடர்பு காட்ட முடிந்தால், புதிய சட்டத்தில் வேலை விபத்துதான். டூ வீலரில் போகிறவர்கள் கவனிக்க.

இ.எஸ்.ஐ. இருந்தால் வழி வேறு. அங்கே மொத்தத் தொகை இல்லை. மருத்துவ வாரியம் ஊனத்தை மதிப்பிட்டு, ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம். மறுமதிப்பீடும் கேட்கலாம். மூளைக் காயத்துக்கு இதுதான் பொருத்தமான முறை என்பது என் கட்சி.

அந்தத் தென்காசி அம்மாவிடம் கான்ட்ராக்டர் ஒன்றரை லட்சம் ரொக்கமும் ஒரு ஸ்டாம்ப் பேப்பரும் கொண்டுவந்திருந்தார். 'இனி எந்த உரிமையும் இல்லை' என்று கணவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். நல்ல வேளையாக அவர் போடவிடவில்லை. இப்படி உரிமையை எழுதி வாங்குவது செல்லாது. சமரசம் என்றால் அதை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை குறைவென்றால் அவர் பதிய மறுக்கலாம். தன் காரியத்தைத் தானே முடிவு செய்ய இயலாத நிலையில் உள்ளவருக்கு மொத்தத் தொகையை நேரில் கொடுக்கவே கூடாது, அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும்.

பணம் வந்த பிறகும் பிரச்சினை தீராது. அது என் மேஜைக்கு வரும் பிரச்சினை. கணக்கு கணவர் பெயரில். கையெழுத்துப் போட முடியாதவர் என்றால் ரிசர்வ் வங்கி விதிப்படி இரண்டு சாட்சிகளை வைத்துக் கைரேகை, கால் விரல் ரேகைகூட வாங்கிக்கொள்வோம். ஆனால் கை ஓடுகிறது, எதற்குக் கையெழுத்து என்றுதான் புரியவில்லை என்றால்? 1987-ம் வருட மனநலச் சட்டத்தில் சொத்தைப் பார்த்துக்கொள்ள நீதிமன்றம் ஆள் நியமிக்க வழி இருந்தது. 2017-ல் வந்த சட்டத்தில் அது இல்லை. கோமாவில் இருப்பவர்களுக்காகக் கேரள உயர் நீதிமன்றம் 2019-ல் வழிமுறை வகுத்தது. கோமாவும் இல்லாமல் பழைய ஆளும் இல்லாமல் நடுவில் நிற்பவரின் மனைவி, ஏ.டி.எம். கார்டையும் நான்கு இலக்க எண்ணையும் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறார். விதிப்படி அது தப்பு. வேறு வழி காட்டாத விதியை அவரிடம் எந்த முகத்தோடு படித்துக்காட்டுவது?

மூளைக் காயம் ஆளுக்கு ஆள் மாறும், பட்டியலில் அடக்க முடியாது என்று சிலர் சொல்கிறார்கள். நியாயம்தான், ஒரே எண்ணில் அடக்க முடியாது. ஆனால் துணையில்லாமல் வெளியே போக முடியாதவர், புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாதவர் முழு ஊனம் என்று ஒரு வரி சேர்க்க முடியுமே? 'மிகக் கடுமையான முகச் சிதைவு' என்ற வரி அதே பட்டியலில் இருக்கிறது. அதுவும் ஆளுக்கு ஆள் மாறுவதுதானே?

என்னைக் கேட்டால் மூன்று விஷயம் வேண்டும். அட்டவணையில் அந்த வரி. தலைக்காயம் என்றால் நரம்பு உளவியல் பரிசோதனை இல்லாமல் சதவீதம் எழுதக் கூடாது என்ற விதி, அதோடு ஒன்றிரண்டு வருடம் கழித்து மறுமதிப்பீடு. உயர் நீதிமன்றம் வரை போகாமல், மாவட்ட அளவிலேயே பணத்தைக் கையாளக் காப்பாளர் நியமிக்கும் எளிய வழி. நூறு வருடப் பழைய சட்டத்தைப் புதுப்பித்தபோதே இதைச் செய்திருக்கலாம்.

அது வரும்போது வரட்டும். அதுவரை இதை நாலு பேரிடம் சொல்லி வையுங்கள். முக்கியமாகக் கட்டட வேலை, ஃபேக்டரி வேலை பார்ப்பவர்களின் வீட்டுப் பெண்களிடம். ஸ்டாம்ப் பேப்பர் கடைசியில் வந்து நிற்பது அவர்கள் வாசலில்தான்.